கடைவீட்டு மாடியில் ஒரு கல்லூரி

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில், 'சமூகக் கல்லூரியும் அதன் வளாக வாழ்க்கையும்' என்ற தலைப்பில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசியவர்கள் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசினார்கள். மெட்ரிகுலேஷன் இடங்களைப் பற்றிப் பேசினார்கள். ஆறாம் படிவத்தைப் பற்றியும் பேசினார்கள். எல்லாமே நமக்கு வேண்டிய பேச்சுதான். ஆனால், ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த மறுநாள் நம் பத்திரிகைகளில் படங்கள் வருகின்றனவே, கையில் முடிவுத்தாளைப் பிடித்துக்கொண்டு ஆசிரியரோடும் பெற்றோரோடும் சிரிக்கின்ற பிள்ளைகளின் படங்கள், அந்தப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அது. படம் வராத பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள். நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். முடிவுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போக மனமில்லாமல் மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். மறுவாரம் பேரங்காடியில் பெட்டி தூக்கப் போகிறார்கள். இல்லையென்றால் உணவு விநியோக வேலைக்குப் பதிந்துகொள்கிறார்கள். எந்த வேலையும் கேவலமில்லை. ஆனால் பதினெட்டு வயதில் எடுத்த அந்த வேலை, இருபத்தெட்டு வயதிலும் அதே சம்பளத்தில் நின்றுபோவதைத்தான் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கல்லூரி இருக்கிறது. அரசாங்கக் கல்லூரி. பெரும்பாலும் அவன் ஊரிலோ, பக்கத்து ஊரிலோ இருக்கிறது. அதன் பெயர் சமூகக் கல்லூரி. மலாய் மொழியில் கொலேஜ் கொமுனிட்டி.

ஊருக்கு ஒரு கல்லூரி

இந்தக் கல்லூரிகள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டில் அமைச்சரவை எடுத்த முடிவின்படி, 2001-இல் 12 சமூகக் கல்லூரிகள் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டன. ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரு கல்லூரியாவது இருக்க வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. இன்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகக் கல்லூரிகள் உயர்கல்வி அமைச்சின் கீழ் நடக்கின்றன.

'நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒன்று' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளை போக வேண்டும். சமூகக் கல்லூரியோ பிள்ளை இருக்கும் இடத்துக்கு வருகிறது. தெலுக் இந்தானில் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. சுங்கைப் பட்டாணியில், கூலிமில், நிபோங் திபாலில், தைப்பிங்கில், கோல லங்காட்டில், செகாமட்டில், பெந்தோங்கில் இருக்கிறது. இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டவுடன் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? சுற்றிலும் தோட்டங்கள் இருந்த ஊர்கள். நம் தாத்தா, பாட்டி ரப்பர் பால் எடுத்த, செம்பனைக் குலை வெட்டிய ஊர்கள். நம்மவர்கள் காலங்காலமாக வாழும் ஊர்களிலேயே கதவைத் திறந்து வைத்திருக்கும் கல்லூரி இது.

இந்த எண்ணம் நம் நாட்டில் பிறந்ததல்ல. அமெரிக்காவில், இல்லினோய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் 1901-இல் ஓர் உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்து ஆறே ஆறு மாணவர்களோடு ஒரு கல்லூரி தொடங்கினார்கள். வீட்டை விட்டுத் தூரம் போய்ப் படிக்க வசதியில்லாத பிள்ளைகள், சொந்த ஊரில் இருந்துகொண்டே பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்தைப் படிக்கட்டும் என்பது நோக்கம். அதுதான் இன்றும் நடந்துகொண்டிருக்கும் மிகப் பழைய பொதுச் சமூகக் கல்லூரி. அதிபர் ட்ரூமன் 1946-இல் அமைத்த உயர்கல்விக் குழு 'சமூகக் கல்லூரி' என்ற பெயரை நாடெங்கும் பரப்பியது. உலகமே அறிந்த நடிகர் டாம் ஹாங்ஸ் கலிஃபோர்னியாவில் ஒரு சமூகக் கல்லூரியில் படித்தவர்தான். அதை அவர் மறைத்ததில்லை. 2015-இல் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். நம் வீடுகளில் மட்டும் அந்தப் பெயரைச் சொல்லக் கூசுகிறோம். அது ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

என்ன படிக்கிறார்கள்?

நம் நாட்டுச் சமூகக் கல்லூரிக்கும் அமெரிக்கக் கல்லூரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஏட்டுப் பாடமும் உண்டு, கைத்தொழிலும் உண்டு. இங்கே கைத்தொழில்தான் முதுகெலும்பு. வாகனப் பழுதுபார்ப்பு, மின்சாரம், குளிர்சாதனம், கணினி வலையமைப்பு, சமையல் கலை, கேக் ரொட்டி தயாரிப்பு, ஆடை வடிவமைப்பு, அழகுக்கலை, தங்கும் விடுதி நடத்துதல், அசைவூட்டப்படம் என்று பல துறைகளில் சான்றிதழ் வகுப்புகள் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடமும் இராது. ஓர் ஊரில் வாகனப் பட்டறை இருக்கும், அடுத்த ஊரில் தையல் கூடம் இருக்கும்.

பெரும்பாலான சான்றிதழ் வகுப்புகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். சில தவணைகள் கல்லூரியில் படித்துவிட்டு, கடைசியில் ஒரு தவணை உண்மையான வேலையிடத்துக்குப் போய்த் தொழிற்பயிற்சி பெற வேண்டும். பட்டறைக்கோ, தங்கும் விடுதிக்கோ, நிறுவனத்துக்கோ போய், அங்குள்ள மேலாளரின் கீழ் வேலை செய்து, அவர் போடும் மதிப்பெண்ணோடு திரும்பி வர வேண்டும். நான் பொதுத் தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்தவன். எனக்கும் அப்படி ஒரு தொழிற்பயிற்சித் தவணை இருந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்றபோது கற்றதுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கட்டணம் என்ன? ஒரு தவணைக்குச் சில நூறு ரிங்கிட். 'சில ஆயிரம்' என்று தவறாகக் கேட்டுவிடாதீர்கள், சில நூறு. சேருவதற்குத் தகுதி என்ன? எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க வேண்டுமானால் மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் இந்தக் கல்லூரியின் பல வகுப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். பாடத்துக்குப் பாடம் கூடுதல் நிபந்தனை இருக்கலாம், விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து 'ஏ' யாரும் கேட்கவில்லை.

வளாகம் என்றால் என்ன?

'கல்லூரி வாழ்க்கை' என்றதும் நம் மனத்தில் ஒரு படம் ஓடுகிறது. பெரிய வாசல், நீண்ட மரநிழல் சாலை, மணிக்கூண்டு, புல்வெளியில் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் இளைஞர்கள். சினிமா நமக்குக் கொடுத்த படம் அது. நிகழ்ச்சிப் பதிவுகளுக்காகச் சமூகக் கல்லூரிகளுக்குப் போயிருக்கிறேன். சில கல்லூரிகளுக்குச் சொந்த நிலமும் அழகான கட்டடமும் உண்டு. ஆனால் பல கல்லூரிகள் கடைவீட்டு வரிசையில்தான் இருக்கின்றன. கீழே ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் மளிகைக் கடை, நடுவில் படியேறினால் கல்லூரி. பெயர்ப்பலகையைப் பார்க்காமல் போனால் ஏதோ டியூஷன் நிலையம் என்று நினைத்துவிடுவீர்கள்.

படியேறிப் போய்ப் பாருங்கள். காலை எட்டு மணிக்கே ஒரு மாடியில் வெண்ணெய் உருகும் வாசனை. வெள்ளை மேலங்கியும் தலைத்தொப்பியும் அணிந்த பிள்ளைகள் மாவு பிசைந்துகொண்டிருப்பார்கள். அடுத்த மாடியில் தையல் இயந்திரங்களின் சத்தம். பின்பக்கப் பட்டறையில் ஒரு காரின் இயந்திரத்தைக் கழற்றிப் பரப்பி வைத்து, விரிவுரையாளர் ஒவ்வொரு பாகமாகக் கையில் எடுத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கையிலும் எண்ணெய்க் கறை இருக்கும். விரிவுரையாளரின் கையும் மாணவனின் கையும் ஒரே மாதிரி அழுக்காக இருக்கும் கல்லூரி இது. ஒரு வகுப்பில் இருபது, முப்பது பேர்தான். பெயர் தெரியாமல் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் ஏன் என்று கேட்க ஆள் இருக்கும். பள்ளியில் நாற்பது பேர் வகுப்பில் பின்வரிசையில் ஐந்து ஆண்டுகள் யாரும் கவனிக்காமல் இருந்த ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் தெரியுமா?

மாணவர் மன்றம் உண்டு. விளையாட்டு உண்டு. புறப்பாட நடவடிக்கைகள் உண்டு. ஊரில் ஏதாவது விழா என்றால் சமையல் மாணவர்கள் கூடாரம் போட்டுத் தாங்கள் செய்த பலகாரத்தை விற்பார்கள். விலை வைப்பது, சில்லறை எண்ணுவது, மிச்சமானதைப் பார்த்து முகம் வாடுவது, அடுத்த முறை எவ்வளவு செய்ய வேண்டும் என்று கணக்குப் போடுவது எல்லாமே பாடம்தான். முடிவில் அங்கியும் தொப்பியும் அணிந்து பட்டமளிப்பு விழாவில் மேடை ஏறுவார்கள். அந்த அங்கியின் துணி பல்கலைக்கழக அங்கியின் துணியைவிட மட்டமானதல்ல.

சனி, ஞாயிறுகளில் இன்னொரு காட்சி. குறுகியகாலப் பயிற்சிகள் நடக்கும் நாள்கள் அவை. ஒரு நாள், இரண்டு நாள் வகுப்புகள். கேக் அலங்காரம், ரவிக்கை தைத்தல், வீட்டு மின்சார வேலை, மோட்டார் சைக்கிள் பராமரிப்பு, கணினி என்று ஊர் மக்களுக்காக நடத்துகிறார்கள். தேர்வுச் சான்றிதழ் கேட்பதில்லை. இல்லத்தரசிகள் வருவார்கள், ஓய்வு பெற்றவர்கள் வருவார்கள், வேலை முடிந்த கையோடு தொழிலாளிகள் வருவார்கள். ஒரு கல்லூரியில் பதினெட்டு வயது மகன் வெள்ளிக்கிழமை வரை படிக்கும் அதே கட்டடத்தில், சனிக்கிழமை அவனுடைய அம்மா தையல் கற்க வருவதைப் பார்த்தேன். மகன் எந்த வாசலால் போக வேண்டும், கழிப்பறை எங்கே என்று அம்மாவுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு வழி காட்டுகிற பெருமை அவன் முகத்தில் தெரிந்தது. எந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் இதைப் பார்க்க முடியும்? வளாகம் என்பது புல்வெளி அல்ல நேயர்களே, யார் யார் உள்ளே வரலாம் என்பதுதான் வளாகம்.

நம் பிள்ளைகள் ஏன் குறைவு?

இவ்வளவு இருந்தும் நான் போன வளாகங்களில் நம் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். காரணங்கள் என்ன? என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் காரணம், தெரியாமை. நம் ஊரிலேயே இருக்கிறது என்பது தெரியவில்லை. கடைவீட்டு மாடியில் இருந்தால் எப்படித் தெரியும்? விளம்பரத்தாள்கள் மலாய் மொழியில் வருகின்றன, விண்ணப்பம் இணையத்தில் இருக்கிறது. வீட்டில் விவரம் சொல்ல ஆள் இல்லையென்றால் தேதி கடந்துபோகிறது.

இரண்டாவது காரணம், தயக்கம். பாடம் மலாய் மொழியில். வகுப்பில் பெரும்பாலோர் மலாய்ப் பிள்ளைகள். பல கல்லூரிகளில் தங்கும் விடுதி இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து வீடு எடுத்துத் தங்குகிறார்கள். 'நம்ம பிள்ளை தனியா இருப்பானே' என்று அம்மாவின் மனம் அடித்துக்கொள்கிறது. இதை நான் சாதாரணமாகத் தள்ளிவிடவில்லை. தனியாக நிற்பது கஷ்டம்தான். ஆனால் ஒரு பட்டறையில் ஓர் இயந்திரத்தை நான்கு பேர் சேர்ந்து தூக்கும்போது பழக்கம் தானாக வருகிறது. ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். தீபாவளிக்கு அந்த ஒரே ஒரு தமிழ்ப் பிள்ளை வீட்டுக்கு வகுப்பே திரண்டு வருகிறது. தவிர, நாளை அவன் வேலை செய்யப்போகும் இடமும் இப்படித்தான் எல்லா இனமும் கலந்து இருக்கும். ஒரு பிள்ளை தனியாகப் போனால் தனியாக நிற்பான். ஒரே தோட்டத்திலிருந்தோ ஒரே தாமானிலிருந்தோ மூன்று பேர் சேர்ந்து விண்ணப்பித்தால், அந்தத் தயக்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது காரணம்தான் பெரியது. வெட்கம். 'உங்க மகன் என்னம்மா படிக்கிறான்?' என்று திருமண வீட்டில் யாராவது கேட்டால், 'சமூகக் கல்லூரியில் கார் ரிப்பேர் படிக்கிறான்' என்று சொல்ல நா எழவில்லை. 'காலேஜில் பிசினஸ் படிக்கிறான்' என்றால் தலை நிமிர்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை குடும்பங்கள் பல்லாயிரம் ரிங்கிட் கட்டணத்துக்குக் கையெழுத்துப் போடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

தனியார் கல்லூரிகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல தனியார் கல்லூரிகள் உண்டு, அங்கே படித்து உயர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். 1997-இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்விக் கடன் நிதி பல்லாயிரம் குடும்பங்களுக்கு உதவியிருப்பதும் உண்மை. நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளைக்குப் பிடிக்காத பாடத்தில், ஊர் வாய்க்காகச் சேர்த்து, பாதியில் படிப்பு நின்றுபோனால் என்ன மிஞ்சும்? சான்றிதழ் மிஞ்சாது. கடன் மிஞ்சும். பத்தொன்பது வயதில் கடனாளியாகும் பிள்ளை நம்மிடம் அதைச் சொல்லவும் மாட்டான். அமைதியாகிவிடுவான். அந்த அமைதிதான் ஆபத்து.

தாளில்லாத திறமை

நம் சமூகத்துக்குக் கைத்திறன் புதிதா? தோட்டத்தில் லாரி நின்றுவிட்டால் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொன்ன அப்பாக்கள் இருந்தார்கள். மின்சாரப் பெட்டியைத் திறந்து வயரிங் செய்தவர்கள் இருந்தார்கள். ஒரு தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஆறு பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாக்கள் இருந்தார்கள். திறமைக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் தாளுக்குத்தான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியபோது, அந்த அப்பாவும் அம்மாவும் நகரத்துக்கு வந்தார்கள். 'முப்பது வருடம் லாரி பார்த்தேன்' என்றார் அப்பா. 'சான்றிதழ் இருக்கிறதா?' என்று கேட்டது நகரம். இல்லை. அதனால் காவல்காரர் வேலைக்குப் போனார். மின்சார வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் முறைப்படி மின்கம்பியாளராகத் தொழில் செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. பழக்கத்தில் எவ்வளவு தெரிந்திருந்தாலும் தாளில்லாமல் குத்தகை கிடைக்காது. அப்பா தலைமுறையில் நாம் இழந்த அந்தத் தாளை மகன் தலைமுறையில் வாங்கிக்கொடுக்கும் இடம்தான் இந்தக் கல்லூரி.

அப்பாவுக்கும் வழி அடைக்கப்படவில்லை. வேலை அனுபவத்தைப் படிப்புத் தகுதியாக மதிப்பிடும் 'ஏபெல்' என்ற முறை மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் கீழ் நடக்கிறது. எஸ்.பி.எம். எழுதாமல் விட்டவர்கள் அதைப் பற்றி விசாரித்துப் பார்க்க வேண்டும்.

மேலே ஏற வழி உண்டா?

'சான்றிதழோடு நின்றுவிடுமே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மறைக்காமல் சொல்கிறேன். சான்றிதழ் என்பது பட்டம் அல்ல. படித்து முடித்தவுடன் கிடைக்கும் முதல் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போங்கள். 2025 முதல் அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சில கல்லூரிகளில் இடவசதி போதாது, பாடத்தேர்வு குறைவு. படித்த துறையிலேயே எல்லாருக்கும் வேலை கிடைக்கும் என்றும் உத்தரவாதம் தர என்னால் முடியாது.

ஆனால் ஏணி இருக்கிறது. நல்ல தரப்புள்ளியோடு சான்றிதழ் முடித்தவர்கள் போலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஓமார் ஈப்போவில் 1969-இல் தொடங்கியது, அங்கே படித்த நம்மவர்கள் பலரை உங்களுக்கே தெரியும். டிப்ளோமாவிலிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். ஜொகூர், பாரிட் ராஜாவில் இருக்கும் துன் ஹூசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் 1993-இல் எப்படித் தொடங்கியது தெரியுமா? போலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு மையமாக. படிப்படியாக வளர்ந்து 2007-இல் இப்போதைய பெயரோடு பல்கலைக்கழகம் ஆனது. ஒரு நிறுவனமே படிப்படியாக ஏறி வரலாம் என்றால், ஒரு பிள்ளை ஏறி வரக்கூடாதா? நேர்வழியில் மூன்று ஆண்டில் போகிறவன் பட்டதாரி என்றால், சுற்றுவழியில் ஏழு ஆண்டில் போகிறவனும் பட்டதாரிதான். சுற்றுவழியில் வந்தவன் கையில் கூடுதலாக ஒரு தொழிலும் இருக்கும்.

பாலம் தாண்டிச் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1992-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தை, ஐ.டி.இ. என்று அழைக்கப்படும் அமைப்பை நிறுவினார்கள். அந்த மூன்று எழுத்துக்கு 'எல்லாம் முடிந்தது' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை விரிவாக்கமாகச் சொல்லி ஊர் கேலி பேசியது. அங்கே படித்த பிள்ளைகளின் காதுபடப் பேசியது. அரசாங்கம் என்ன செய்தது? நல்ல கட்டடம் கட்டியது. 2005, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் பெரிய வளாகங்களைத் திறந்து, மூன்று கல்லூரிகளாகச் சீரமைத்தது. நவீன இயந்திரங்களையும் பயிற்சி உணவகங்களையும் உள்ளே வைத்தது. 2007-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு கென்னடி கல்விக்கூடம் சார்ந்த நிலையத்தின் புத்தாக்க விருதும் அந்தக் கழகத்துக்குக் கிடைத்தது. கேலி ஒரே நாளில் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால், பிள்ளைகள் நடமாடும் வளாகத்துக்கு மரியாதை கொடுத்தால், பிள்ளைகளுக்கும் மரியாதை வரத் தொடங்கும் என்பதை அந்த நாடு காட்டியிருக்கிறது. நம் கல்விப் பொறுப்பாளர்களுக்கும் இதையே வேண்டுகோளாக வைக்கிறேன். கடைவீட்டு மாடியில் தொடங்கியது குற்றமல்ல. கடைவீட்டு மாடியிலேயே விட்டுவிடக்கூடாது.

மூன்று வேண்டுகோள்கள்

நேரம் முடியப்போகிறது என்று அவைத்தலைவர் சைகை காட்டுகிறார். மூன்று வேண்டுகோள்களோடு நிறைவு செய்கிறேன்.

பெற்றோர்களே, எந்தக் கல்லூரியில் கட்டணம் கட்டுவதற்கு முன்பும், எந்தக் கடன் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், உங்கள் ஊர்ச் சமூகக் கல்லூரியின் படியை ஒருமுறை ஏறிப் பாருங்கள். பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் இறங்கி வந்துவிடலாம், யாரும் காசு கேட்கப் போவதில்லை. பார்க்காமலே வேண்டாம் என்று சொல்வதுதான் நஷ்டம்.

ஆலய நிர்வாகங்களே, இளைஞர் மன்றங்களே, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே, பத்து 'ஏ' எடுத்த பிள்ளைக்கு மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எஸ்.பி.எம். முடிவு வெளிவரும் வாரத்தில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, ஒரு கணினி வைத்து, விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இரண்டு இளைஞர்களை உட்கார வையுங்கள். ஒரு நாள் அன்னதானத்துக்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. குறுகியகாலப் பயிற்சிக்கு ஆள் திரட்டிக் கொடுங்கள். பத்துப் பதினைந்து அம்மாக்கள் சேர்ந்து போனால், அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது என்பது அந்தத் தாமான் முழுக்கத் தெரிந்துவிடும்.

தம்பிகளே, தங்கைகளே, முடிவுத்தாளை மடித்துப் பையில் வைத்திருக்கிறீர்களே, உங்களுக்கு ஒரு சொல். அந்தத் தாள் நீங்கள் பதினேழு வயதில் சில வாரங்களில் எழுதிய தேர்வின் கணக்கு. உங்கள் கைகளின் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதிக்கொள்ள ஓர் இடம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. போய்ச் சேருங்கள். யாராவது 'என்ன படிக்கிற?' என்று கேட்டால், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், 'சமூகக் கல்லூரியில் படிக்கிறேன்' என்று. அதற்கு மேல் விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. 'அப்படியா, நல்ல காரியம், எந்தத் துறை?' என்று கேட்கப் பழக வேண்டிய கடமை எங்களுக்குத்தான் இருக்கிறது.